ரோடு ரோலர் நடந்த பத்து நாள்

ஜூன் 2

அன்புள்ள வாலுக்கு,

பாட்டி எழுதுவது. முதலில் வீட்டுச் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன் ஷூவுக்கு வருகிறேன். பெரிய மாமா மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டான். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கப்பல் சாமானைத் தூக்குகிறான். சின்ன வயசில் கட்டிலில் ஏறிப் படுக்கப் பயந்தவன்! அவன் தங்கை நர்ஸ் படிப்பில் வகுப்புக்கே முதல். சித்தி மகன் நீச்சலில் வெள்ளிக் கோப்பை வாங்கினான். தங்கம் வாங்கினவன் இவனைவிட ஒரு முழம் உயரமாம், கையை நீட்டினாலே கரை வந்துவிடும், அதனால் நம் வீட்டைப் பொறுத்தவரை இவன்தான் முதல். அவன் அக்கா காலேஜ் மேடையில் பேசி, எதிர்த்துப் பேச வந்த பையனை அழவைத்துவிட்டாள். அதற்கெல்லாம் பரிசு உண்டா என்று தெரியாது, கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேலே, செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிற என் பேத்தி நீ. நடந்தால் கரண்ட் வருகிற ஷூ செய்திருக்கிறாய். நேற்றுப் பார்சல் வந்தது. உன் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று நினைத்துப் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாய். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல். குதிகாலுக்குக் கீழே மெல்லிய தகடு. மிதித்தால் துளி கரண்ட். அது ஷூவின் பக்கத்தில் இருக்கிற கட்டைவிரல் அளவுப் பெட்டிக்குள் சேரும். போட்டிருக்கிறவர் எங்காவது விழுந்துவிட்டால் அந்தப் பெட்டி தானாக வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்லும். வயசானவர்கள் இந்த மாதிரிப் பெட்டியைச் சார்ஜ் போட மறந்துவிடுகிறார்கள், விழுகிற அன்றைக்குப் பார்த்து அது செத்துக் கிடக்கிறது. நடையிலேயே சார்ஜ் ஏறினால் மறக்கிற பேச்சே இல்லை. போதாவிட்டால் சிவப்பு விளக்கு, நிறைந்தால் பச்சை.

சரிதானே? ஆஸ்பத்திரித் துணி அறையில் எல்லோருக்கும் இதை ஒப்பித்துக் காட்டிவிட்டேன். ஆறு வார்டுக்கும் படுக்கை விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள் நான், என்னைவிட நடக்கிற ஆள் இந்த ஊரில் யார்? நடையைக் கணக்கு வைக்க உள்ளே ஒரு சில்லு இருக்கிறதே, சனிக்கிழமைதோறும் அதைக் கழற்றி நீ கொடுத்த படிவத்தோடு உனக்குத் தபாலில் போடுகிறேன். ஃபோனில் பேசினால் 'மீட்டிங் பாட்டி' என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதமும் கூடவே வரும்.

உன் பாட்டி

ஜூன் 9

அன்புள்ள பாட்டிக்கு,

சில்லு கிடைச்சது. நீங்க புரிஞ்சுக்கிட்டது எல்லாமே சரி, எங்க பிரிவுத் தலைவரே இவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டார். ஆனா ஒரு சிக்கல். ஒரு வாரத்துல பெட்டி பத்துல ஒரு பங்குகூட நிறையல. இங்க நாங்க டிரெட்மில்லுல நடந்து பார்த்தப்போ ரெண்டே நாள்ல பச்சை எரிஞ்சது.

ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுறீங்களா? வீட்டுக்கு வந்ததும் கழற்றி வச்சுடுறீங்களா? கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க, நிஜமா நடக்குறீங்களா, இல்ல துணி அறையில உட்கார்ந்து விரிப்பு மடிக்கிற வேலையை வாங்கிக்கிட்டீங்களா?

ஏன் இப்படி நச்சரிக்கிறேன்னா, 28ஆம் தேதி கம்பெனி நிர்வாகம் இந்த ஷூவைப் பத்தி முடிவெடுக்க உட்காருது. அறுபது வயசு தாண்டின ஒருத்தராவது தன் நடையாலே விளக்கைப் பச்சையாக்கின பதிவு வேணும்னு சொல்லிட்டாங்க. இல்லேன்னா எங்க நாலு பேரையும் கலைச்சுடுவாங்க. மூணு வருஷ வேலை அலமாரிக்குள்ள போயிடும், நான் பழையபடி செருப்பு அட்டைப்பெட்டி வரையிற பிரிவுக்குப் போகணும்.

உங்களைத்தான் நம்பியிருக்கேன்.

வாலு

ஜூன் 20

அன்புள்ள வாலுக்கு,

இத்துடன் சில்லு இரண்டு. விளக்கு பச்சை. மூன்றாம் நாளே பச்சை.

நான் உட்காருகிறேனா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத வேண்டாம் என்று இருக்கிறேன்.

படிவத்தில் எல்லாம் நிரப்பியிருக்கிறேன். மழை இல்லை. கால் வீக்கம் இல்லை. வேறு சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் கேன்டீன்காரி, ஷூ ரொம்ப வசதி, குதிகாலில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லச் சொன்னாள். என் காலில் பார்த்துத்தான் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி

ஜூன் 24

பாட்டீ!!

தபாலைப் பிரிச்சு சில்லைக் கம்ப்யூட்டர்ல போட்டதும் நான் போட்ட சத்தத்துல பக்கத்து அறைக்காரங்க தீப்பிடிச்சதுன்னு ஓடி வந்துட்டாங்க. ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் அடி! எங்க டிரெட்மில் பசங்களைவிட அதிகம்! நான் கேட்ட கேள்விக்கு என் தலையில நானே கொட்டிக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க.

அறிக்கை எழுதித் தலைவர்கிட்ட கொடுத்துட்டேன். முதல் வரியே நீங்கதான்: 'அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, மூன்று நாளில் பச்சை.' அவர் ரெண்டு தடவை படிச்சுட்டு, 'உங்க பாட்டிக்கு என்ன காலா, பிஸ்டனா?'ன்னு கேட்டார். 28ஆம் தேதி ஒத்துக்கிட்டாங்கன்னா அடுத்ததா முதியோர் இல்லத்துல நேரா கொண்டுபோய் மாட்டுறோம். அங்க பாதிப் பேர் வாக்கர்னு சொல்ற நடைச்சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவங்க. அவங்கதான் அடிக்கடி விழுறாங்க, அவங்களுக்குத்தான் இது முதல்ல போகணும்.

கேன்டீன் அக்கா சொன்ன பஞ்சு நல்ல யோசனை. சேர்த்துடலாம்.

உங்க வாலு

ஜூன் 26, விரைவுத் தபால்

வாலு,

உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இருந்தால் வெளியே அனுப்பிவிட்டுப் படி.

அந்தப் பத்து நாள் நடந்தது நான் இல்லை. கேன்டீன்காரி.

நான் ஒரு நாளும் ஷூவைக் கழற்றியதில்லை. காலையில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆறு வார்டும் சுற்றினேன், மத்தியானம் சாப்பிடாமல்கூடச் சுற்றினேன். சிவப்பு. இஸ்திரி மாஸ்டர் தினமும் குனிந்து பார்த்து, 'என்ன பாட்டி, பேத்தி ஷூ இன்னைக்கும் கண்ணு சிவந்து முறைக்குது?' என்பார். ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே, முகத்தை எங்கே வைப்பது?

அப்புறம் உன் கடிதம். உட்கார்ந்திருக்கிறாயா என்று கேட்டாய், அது ஒரு பக்கம். என் காலால் உன் மூன்று வருஷம் வீணாகிறது என்று நினைத்தேன். மெஷின் நன்றாகத்தான் இருக்கும், என் பேத்தி செய்தது, கால்தான் மக்கர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கேன்டீன்காரிக்கும் எனக்கும் ஒரே அளவுக் கால். ஆனால் ஆள் என்னைப் போல இரண்டு மடங்கு. டீத்தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மாடி ஏறினால் கீழே மருந்துக் குப்பி ஆடும். நாங்கள் எல்லோரும் அவளை ரோடு ரோலர் என்றுதான் கூப்பிடுவோம், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். 'ஒரு வாரம் போட்டுக்கோடி' என்றேன். 'புது ஷூ யார் வேண்டாம்னு சொல்லுவா' என்று போட்டுக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

உன் சந்தோஷக் கடிதம் வருகிறவரை இது பெரிய தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நடைச்சட்டம் பிடித்து நடக்கிறவர்களுக்கு மாட்டப் போகிறீர்கள் என்று படித்ததும் வண்டியை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பச்சை என்று நம்பிப் போட்டுக்கொண்டு ஒருத்தர் விழுந்து, பெட்டி சத்தமில்லாமல் இருந்தால்?

28க்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

பாட்டி

ஜூலை 1

பாட்டி,

உங்க கடிதம் 27ஆம் தேதி சாயங்காலம் வந்தது. மறுநாள் நிர்வாகத்து முன்னாடி நின்னு, என் அறிக்கையோட முதல் வரி பொய்னு நானே சொன்னேன். யார் நடந்தாங்க, ஏன் நடந்தாங்கன்னு எல்லாம் சொன்னேன். ஒருத்தர் சிரிச்சார். மத்தவங்க சிரிக்கல.

தலைவர் எனக்காகப் பேசி ஆகஸ்ட் 10 வரைக்கும் அவகாசம் வாங்கியிருக்கார். அன்னைக்கு முதியோர் இல்லத்துல, நிர்வாகத்துக்காரங்க கண்ணு முன்னாடி, பச்சை எரியணும். எரியலேன்னா அவ்வளவுதான்.

சிவப்புன்னா சிவப்புன்னு எழுதியிருக்கலாமே பாட்டி. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இனிமே நீங்க நடக்க வேண்டாம். ஷூவைத் திருப்பி அனுப்பிடுங்க.

ஜூலை 5

வாலு,

பெயர்கூடப் போடாமல் கடிதத்தை முடித்திருக்கிறாய். சரி, திட்டு, நான் செய்தது அப்படி. உன்னை நாலு பேர் முன்னால் நிற்கவைத்துவிட்டேன்.

ஆனால் ஷூவை அனுப்ப மாட்டேன்.

நீயும் ஒன்று யோசித்துப் பார். முதல் வாரம் சிவப்பாகவே இருந்த சில்லை நான் உனக்கு அனுப்பவில்லையா? அந்தச் சில்லு நிஜம்தானே? பார்த்துவிட்டு நீ என்ன கேட்டாய்? 'நிஜமா நடக்குறீங்களா' என்று கேட்டாய். மெஷினைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாய். நானும் மெஷினை விட்டுவிட்டு என் காலைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம், எனக்கு மட்டும் திட்டு.

ரோடு ரோலருக்கு நல்ல ஷூ செய்திருக்கிறாய். சந்தோஷம். எனக்கு எப்போது செய்யப் போகிறாய்?

இத்துடன் ஐந்து நாள் சில்லு. நடந்தது நானே. சத்தியமாக நானே. இஸ்திரி மாஸ்டரைப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். ஐந்து நாளும் சிவப்பு. காலை ஆறு முதல் மத்தியானம் இரண்டு வரை வண்டி. ஈர விரிப்பு ஏற்றின நாளில் வண்டியைத் தள்ள உடம்பு முழுக்க அதன் மேலே சாய வேண்டும். சாயங்காலம் எனக்குக் கால் வலிக்காது, உள்ளங்கைதான் வலிக்கும். இதெல்லாம் உனக்கு எதற்கு. உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிய வேண்டும், அதற்காக எழுதினேன்.

உன் பாட்டி (நான் பெயர் போடுவேன்)

ஜூலை 11

அன்புள்ள பாட்டிக்கு, உங்க வாலு எழுதுறேன். மேலேயும் போடுறேன், கீழேயும் போடுறேன், போதுமா?

உங்க கடிதத்தைக் கோபத்தோடதான் படிச்சேன். 'உள்ளங்கைதான் வலிக்கும்'ங்கிற வரி வந்ததும் எழுந்து நின்னுட்டேன். அதை வெட்டி எடுத்து எங்க நாலு பேர் மேஜைக்கும் நடுவுல ஒட்டி வச்சிருக்கேன்.

பாட்டி, உங்க பாரத்துல பாதி உங்க கால்ல இல்ல. கை வழியா வண்டிக்குப் போயிடுது! நடைச்சட்டம் பிடிக்கிறவங்களும் இப்படித்தான் நடக்குறாங்க, சட்டத்து மேல சாஞ்சு. எங்க தகடு இருக்கிறது குதிகாலுக்குக் கீழே. ஓங்கி மிதிச்சாத்தான் அது வேலை செய்யும். நீங்க குதிகாலை ஊன்றுறதே இல்ல. மூணு வருஷமா எங்க டிரெட்மில்லுல நடந்த பசங்க எல்லாம் இருபத்தஞ்சு வயசு, கையை வீசிக்கிட்டு தொம் தொம்னு நடந்தாங்க. நீங்க பத்து நாள் செஞ்சதை நாங்க மூணு வருஷம் செஞ்சிருக்கோம். எங்க ஆபீஸ் முழுக்க ரோடு ரோலர்கள்தான்.

நேத்து நானே ஒரு நடைச்சட்டத்தை வாங்கிட்டு வந்து, செங்கல் ஏத்தி, வராந்தாவுல தள்ளிப் பார்த்தேன். குதிகால் சும்மா தொட்டுட்டுப் போகுது. ஆனா முன்பாதம்! ஒவ்வொரு அடிக்கும் விரலுக்குப் பின்னாடி ஷூ மடங்கி மடங்கி நிமிருது. தள்ளுறதுக்கு அங்கதான் உந்துறோம். அதனால தகட்டைக் குதிகால்லேர்ந்து எடுத்து, மடங்குற இடத்துல, மடங்கினாலே கரண்ட் வர்ற மாதிரி வைக்கிறோம். மிதிக்கவே வேண்டாம்.

நான் முதல்ல கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'எப்படி நடக்குறீங்க?'ன்னுதான். நிஜமா நடக்குறீங்களான்னு கேட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க. புது உள்தகடு இத்தோட வருது, ராத்திரி பகலா செஞ்சது. இந்தத் தடவை சில்லு பாதத்துல அஞ்சு இடத்துல பாரத்தை அளக்கும், அதனால ரோடு ரோலர் அக்கா கால் வச்சா எனக்குத் தெரிஞ்சுடும்!

உங்க வாலு

ஜூலை 22

என் தங்கமே, வாலு,

பச்சை!

ஏழாம் நாள். வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு. இடம் சொல்கிறேன்: எலும்பு முறிவு வார்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் உள்ள நீள வராந்தா. வண்டி முழுக்க ஈர விரிப்பு, மேலே தலையணை உறை மூன்று கட்டு. ரோடு ரோலர் எதிரே டீத்தட்டோடு வந்தவள், என் காலைப் பார்த்து அப்படியே நின்றாள். 'பாட்டி, கீழே பாருங்க' என்றாள். குனிந்தேன். சிவப்பு போய்ப் பச்சை, கண் சிமிட்டாமல் நிற்கிறது.

நான் செய்த காரியத்தைச் சொல்லட்டுமா? வண்டியை அப்படியே விட்டுவிட்டு இஸ்திரி அறைக்குப் போனேன். அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் காலைத் தூக்கி வைத்தேன்.

'என்ன பாட்டி, கால் பிடிச்சுக்கிச்சா?' என்றார்.

'கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருய்யா.'

பார்த்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். 'ராத்திரி வீட்ல பிளக்ல சொருகி வச்சீங்களா?' என்றார்.

'சொருகுறதுக்கு அதுல ஓட்டை எங்க இருக்குன்னு காட்டு. காட்டினா உனக்கே ஷூவைக் கொடுத்துடுறேன்.'

திருப்பித் திருப்பித் தேடினார். அதற்குள் ஒரு சட்டை கருகிவிட்டது. டாக்டர் சட்டை. ரோடு ரோலர் சிரித்த சிரிப்பில் இரண்டு டீ கொட்டியது.

அப்புறம் விழுந்தால் ஃபோன் போகிறதா என்றும் பார்த்துவிட்டேன். பயப்படாதே, அழுக்குத் துணி மூட்டை மேலேதான் விழுந்தேன். உன் அம்மா பதறிக்கொண்டு ஃபோன் செய்தாள். பெட்டி வேலை செய்கிறது. உன் அம்மாவின் வாயும் நன்றாக வேலை செய்கிறது.

சில்லு இத்துடன். ஐந்து இடத்திலும் நான்தான்.

உன் பாட்டி

ஆகஸ்ட் 11

அன்புள்ள பாட்டிக்கு,

மூட்டை மேல விழுந்ததுக்கு உங்களைத் தனியாத் திட்டணும். இன்னைக்கு முடியாது, இன்னைக்கு எனக்குக் கால் தரையில இல்ல.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே முதியோர் இல்லத்துல பன்னிரண்டு பேருக்கு ஷூ கொடுத்திருந்தோம். எல்லாரும் நடைச்சட்டம் பிடிக்கிறவங்க. பெட்டி காலியா இருக்கிறதை நிர்வாகத்து ஆளே வந்து பார்த்து முத்திரை ஒட்டிட்டுப் போனார். நேத்துக் காலையில நிர்வாகத்துக்காரங்க எல்லாரும் வந்தாங்க. கூடத்துல ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைச்சோம். பன்னிரண்டு பேரும் வரிசையா, சட்டத்தைத் தள்ளிக்கிட்டு, மெதுவா மெதுவா வந்தாங்க பாட்டி. இருட்டுல முகம் தெரியல, தரையோட தரையாப் பச்சைப் புள்ளி மட்டும் ஒவ்வொண்ணா நகர்ந்து வந்தது. பதினொண்ணு எண்ணினேன். பன்னிரண்டாவது ஒரு தாத்தா, ரெண்டு வாரமா டிவி முன்னாடியிருந்து எழுந்திருக்கவே இல்லையாம். 'ஷூ நல்லாத்தான் இருக்கு, நான்தான் ரிப்பேர்'னு அவரே கையைத் தூக்கிச் சொல்லிட்டார்.

அன்னைக்குச் சிரிச்சாரே ஒருத்தர், அவர் சிரிக்கல. முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பாட்டியோட ஷூவைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பாட்டி, 'எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா?'ன்னு கேட்டாங்க. சோதனை முடிஞ்சது, திருப்பி வாங்கணும்னு நான் சொன்னேன். அவங்க சட்டத்தைத் திருப்பிக்கிட்டு, அறைக்குள்ள போய், கதவைச் சாத்திக்கிட்டாங்க. தலைவர் கதவைப் பார்த்துட்டு, 'சரி, விட்டுடலாம்'னார். நிர்வாகமும் ஒத்துக்கிச்சு பாட்டி! முதல்ல ரெண்டாயிரம் ஜோடி. எங்க நாலு பேர் குழு இனி ஒன்பது பேர். நான் அதுக்குப் பொறுப்பு.

புது அறிக்கையோட முதல் வரி இது, நல்லாப் படிங்க: 'இந்தக் காலணி, ஆறு வார்டுக்கு விரிப்பு வண்டி தள்ளும் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியின் நடையைக் கொண்டு திருத்தப்பட்டது.' இந்தத் தடவை அது நிஜம்.

ரோடு ரோலர் அக்காவுக்கும் ஒரு ஜோடி வருது. குதிகால்ல பஞ்சு வச்சிருக்கேன்.

உங்க வாலு

ஆகஸ்ட் 16

ஒன்பது பேருக்குப் பொறுப்பான என் வாலுக்கு,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துணி அறையில் எல்லோரையும் உட்காரவைத்து இஸ்திரி மாஸ்டரை எழுந்து நின்று படிக்கச் சொன்னேன். 'பதினொண்ணு எண்ணினேன்' என்ற இடத்தில் அவர் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இஸ்திரி ஆவி என்றார். இஸ்திரிப் பெட்டியை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த முதல் வரியை இரண்டு தடவை படிக்கவைத்தேன். ரோடு ரோலர் எழுந்து, 'அப்ப என் பத்து நாளு?' என்று சண்டைக்கு வந்தாள். 'உன்னாலதான்டி என் பேத்தி முழிச்சுக்கிட்டா' என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். புது ஷூவோடு மாடி ஏறினாள், மருந்துக் குப்பிகள் ஆடின.

அந்த இரண்டாயிரம் ஜோடியை நினைத்துக்கொண்டே வண்டி தள்ளுகிறேன். யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடப்பாள். பெரிய நடை ஒன்றும் இல்லை. அவள் விழுந்தாலும் அவள் வீட்டுக்குத் தெரிந்துவிடும், அந்தச் சின்ன நடையே சொல்லிவிடும். இதைச் செய்தது யார்? என் பேத்தி. பொய்யை நாலு பேர் முன்னால் நின்று பொய் என்று சொன்னாளே, அவள்தான். ஷூவைவிட அதைத்தான் நான் எல்லோரிடமும் அதிகம் சொல்கிறேன். என் பங்கையும் சேர்த்தேதான் சொல்கிறேன், மறைக்கவில்லை.

இங்கே துணி அலமாரியின் கதவில் நம் வீட்டுப் பிள்ளைகளின் படங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். கிரேன்காரன் இருக்கிறான், கோப்பைக்காரன் இருக்கிறான். உன் படம் மட்டும் பள்ளிக்கூடத்தில் எடுத்தது, இரட்டைச் சடையும் விழுந்த பல்லும். 'இந்தப் பல்லு விழுந்ததா ஒன்பது பேரை மேய்க்குது?' என்று நர்ஸ்கள் கேட்கிறார்கள். வேறு படம் வேண்டும்; ஃபோனில் அனுப்பாதே, என் ஃபோனில் எல்லாம் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். காகிதத்தில் போட்டு, நல்ல உறையில் வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்பு. அந்தக் கூடத்தில், அந்தப் பன்னிரண்டு பேரோடு நீ நடுவில் நிற்கிற மாதிரி ஒரு புதுப் படம் எடு. எழுந்திருக்காத தாத்தாவையும் நாற்காலியோடு தூக்கிவந்து உட்காரவை. எடுக்கிறவனிடம் கண்டிப்பாகச் சொல், இடுப்போடு வெட்டிவிடப் போகிறான்: எல்லோருடைய காலும் தெரிய வேண்டும்.

உன் பாட்டி